கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் புதிய ஆபரேட்டரா? குழியில் இறங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கழிவுநீர் நிலையத்தில் வேலைக்குச் சேருபவருக்கு முதல் நாளே தலைக்கவசமும் பூட்ஸும் கிடைத்துவிடும். தடுப்பூசி அட்டை, பயிற்சிச் சான்று, தனக்கென ஒரு பூட்டு, குழியில் இறங்குவதற்குத் தன் பெயர் எழுதிய அனுமதிச் சீட்டான பர்மிட் ஆகியவை அவ்வளவு எளிதில் கைக்கு வருவதில்லை. நான் சேர்ந்தபோது இவற்றில் ஒன்று பணியாளர் பிரிவிலும், ஒன்று மின்பிரிவிலும், மற்றொன்று கிடங்கிலும் கிடந்தன. எதை எவரிடம் கேட்பது என்று சொல்ல ஆளில்லை. அதற்குள் 'ஐந்து நிமிட வேலைதான், இறங்கிவிட்டு வாருங்கள்' என்று சொல்ல மட்டும் பலர் இருந்தார்கள். எதை எந்த வரிசையில் முடிக்க வேண்டும், எதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

1. சேர்ந்த வாரத்திலேயே தடுப்பூசியைத் தொடங்குங்கள்

எல்லா வேலைகளிலும் அதிக காலம் பிடிப்பது இதுதான் என்பதால் முதலில் வைக்கிறேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது: முதல் தவணை, அதிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. கடைசித் தவணைக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு மாதங்களில் இரத்தப் பரிசோதனை செய்தால்தான் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று தெரியும். ஆகவே இன்று தொடங்கினாலும் முழுப் பாதுகாப்பு உறுதியாக அரை ஆண்டுக்கு மேல் ஆகும். டெட்டனஸ் ஊசியைப் பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அழுக்குப் படிந்த ஆழமான காயம் ஏற்பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டுகள் கடந்திருந்தால் மருத்துவர் மீண்டும் ஒன்று போடுவார். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஆகியவை தேவையா என்பதை உங்கள் வேலையின் தன்மையைக் கேட்டு மருத்துவர் முடிவு செய்யட்டும்.

தவணைத் தேதிகள் எழுதிய அட்டையின் நகலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த நிறுவனம் மாறும்போது பழைய கோப்புகள் காணாமல் போவது வழக்கம். அட்டை இல்லாதவர் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

இதே மருத்துவ வருகையில் செவித்திறன் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். தொட்டிகளுக்குக் காற்று செலுத்தும் ப்ளோயர் அறையில் எட்டு மணி நேரச் சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டுவது அரிதன்று. பரிசோதனைக்கு முந்தைய 14 மணி நேரம் இரைச்சலில் நிற்காமல் இருக்க வேண்டும். ஆகவே இரவுப் பணி முடித்து நேரே போகாதீர்கள். சேரும்போது காது எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லையென்றால், பின்னால் கேட்கும் திறன் குறைந்தால் அது வேலையால் வந்தது என்று நிறுவுவது கடினம்.

2. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

அடைபட்ட இடங்களில் இறங்குவதற்கான பயிற்சிச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, சுவாசக் கருவி அணிவோருக்கான முகப்பொருத்தச் சோதனைச் சான்று ஆகிய மூன்றும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். முகப்பொருத்தச் சோதனை நீங்கள் அணியப்போகும் அதே மாதிரி, அதே அளவு முகமூடியைக் கொண்டு செய்யப்பட வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவும் வேண்டும். தாடி இருந்தால் முகமூடியின் விளிம்பு தோலோடு ஒட்டாது; அதனால் சோதனை நாளன்று மட்டும் மழித்துக்கொண்டு போய்ப் பயனில்லை.

அடுத்து, நிலையத்தில் உள்ள அடைபட்ட இடங்களின் பட்டியலைக் கேளுங்கள். ஒருவர் உள்ளே போகும் அளவு பெரியதாகவும், ஏறி இறங்கும் வழி குறுகியதாகவும், ஆட்கள் தொடர்ந்து இருப்பதற்காகக் கட்டப்படாததாகவும் இருக்கும் எந்த இடமும் இதில் சேரும். கழிவுநீர் வந்து சேரும் பம்ப் ஈரக்கிணறு, மேன்ஹோல், கசடைச் செரிக்கவைக்கும் மூடிய தொட்டியான செரிப்பான், காலி செய்யப்பட்ட தொட்டி ஆகியவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். வால்வு அறைதான் பெரும்பாலும் விடுபடும். அதில் கழிவுநீர் இல்லை, தரை காய்ந்திருக்கிறது என்பதால் அபாயம் இல்லை என்று நினைப்பது தவறு. மூடிக் கிடக்கும் அறையில் இரும்பு துருப்பிடிப்பதே அங்குள்ள ஆக்சிஜனைக் குறைத்துவிடும்.

மூன்றாவதாக, நிலையத்தில் பயன்படும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். அது 16 பகுதிகள் கொண்டது. முழுவதையும் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் முதலுதவி பற்றிய 4ஆம் பகுதி, பாதுகாப்பு உடை பற்றிய 8ஆம் பகுதி, எதனோடு சேரக்கூடாது என்று கூறும் 10ஆம் பகுதி ஆகிய மூன்றையும் படித்துவிடுங்கள். தாள் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தால் இரவுப் பணியில் யாருக்கும் உதவாது. ரசாயன அறையின் வாசலில் ஒரு நகல் தொங்க வேண்டும்.

3. செலவு யாருடையது

பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளி ஏற்க வேண்டியதில்லை என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டின் 155ஆம் உடன்படிக்கையிலேயே, 21ஆம் பிரிவில், தெளிவாக எழுதப்பட்டுள்ளது. அதே உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிடத்தைவிட்டு விலகிய தொழிலாளியை அதற்காகத் தண்டிக்காமல் காக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டின் சட்டம் இவற்றை எந்த வடிவில் ஏற்றிருக்கிறது என்று பார்த்து, அந்தச் சட்டப் பிரிவின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச் சண்டையைவிட எண்ணைக் குறிப்பிட்ட கடிதம் விரைவாக வேலை செய்யும்.

நிர்வாகம் தயங்குவது பெரும்பாலும் கருவியின் விலைக்காக அல்ல, அதன் பராமரிப்புச் செலவுக்காகவே. குழிக்குள் உள்ள வாயுக்களை அளக்கும் கேஸ் டிடெக்டரை ஒரு முறை வாங்கிவிடுவார்கள். அதன் சென்சார்கள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடும் என்பதும், அதைச் சரிபார்க்கும் சோதனை வாயு சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்றிருக்காது. ஆகவே கொள்முதல் கோரிக்கை எழுதும்போதே மாற்று சென்சார், சோதனை வாயு, அளவுத்திருத்தக் கட்டணம் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டாவது கோப்பு நகராது.

4. கேஸ் டிடெக்டரை நம்புவதற்கு முன்

இந்தப் படியில் சற்று நிதானமாக நில்லுங்கள், ஏனென்றால் பெரும்பாலான நிலையங்களில் கருவி இருக்கிறது, ஆனால் அது சொல்வது உண்மையா என்று பார்க்கும் பழக்கம் இல்லை.

நான்கு வாயுக் கருவி ஆக்சிஜன், எரியக்கூடிய வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றை அளக்கும். முதலில் கருவியின் முதுகில் உள்ள தொடர் எண்ணும் அளவுத்திருத்தச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் பயன்படுத்துவதற்கு முன் சோதனை வாயுவைச் சில விநாடிகள் செலுத்தி, நான்கு சென்சார்களும் விழித்துக்கொள்கின்றனவா, அலாரம் ஒலிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். திரை ஒளிர்கிறது, எண்கள் தெரிகின்றன என்பது சோதனை ஆகாது. எரிவாயு சென்சார் சிலிக்கோன் ஆவி பட்டு செத்துப்போயிருந்தாலும் திரையில் அழகாகப் பூஜ்யம்தான் காட்டும். சிலிக்கோன் கலந்த மசகு ஸ்ப்ரேயைக் கருவிக்கு அருகில் அடிப்பதே அதற்குப் போதும்.

கருவியைத் திறந்த வெளியில், காற்று வரும் திசையில் நின்று இயக்குங்கள். சல்லடை அறைக்குள் நின்றுகொண்டு பூஜ்யத்துக்குத் திருத்தினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் வாயுவையே அது சுத்தமான காற்று என்று எடுத்துக்கொள்ளும். அதன்பின் எரிவாயுவுக்கும் நச்சு வாயுவுக்கும் காட்டும் எண்கள் உண்மையைவிடக் குறைந்தே வரும்.

அளக்கும் வரிசை ஆக்சிஜன், பிறகு எரிவாயு, பிறகு நச்சு வாயு. ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில் வழக்கமான எரிவாயு சென்சார் சரியாக வேலை செய்யாது என்பதால்தான் இந்த வரிசை. மூடியை முழுவதும் திறக்குமுன் இடுக்கின் வழியே குழாயைச் செலுத்தி அளந்துவிட்டு, பிறகு மேல், நடு, அடி என்று சுமார் 1.2 மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி அளக்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே தங்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். குழாய் நீளமாக இருந்தால் அடியிலுள்ள காற்று கருவியை வந்து சேர நேரமாகும். ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பது கருவியின் கையேட்டில் இருக்கும். குழாயின் முனை தண்ணீரைத் தொட்டுவிட்டால் கருவியின் பம்ப் நீரை இழுத்துக் கெட்டுவிடும். முனையில் வடிகட்டி இல்லாமல் இறக்காதீர்கள்.

சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5க்குக் கீழோ 23.5க்கு மேலோ இருந்தால் இறங்கக்கூடாது என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். ஆனால் 19.9 என்று காட்டும்போது 'வரம்புக்குள்தானே இருக்கிறது' என்று நிம்மதி அடைய வேண்டாம். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். வேறொரு வாயு உள்ளே புகுந்து அதை ஒரு விழுக்காடு குறைத்திருக்கிறது என்றால், புகுந்த வாயு கிட்டத்தட்ட ஐந்து விழுக்காடு, அதாவது சுமார் 50,000 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அது எது என்று தெரியும்வரை இறங்குவதற்கு இல்லை. மீத்தேன் காற்றில் 5 விழுக்காட்டை எட்டினாலே வெடிக்கும்; கருவி அதன் பத்தில் ஒரு பங்கில், அதாவது கீழ் வெடிப்பு வரம்பின் 10 விழுக்காட்டில், அலாரம் அடிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று அமைப்புப் பக்கத்தில் பாருங்கள்.

மூக்கை மட்டும் நம்பவே வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை வாடை மிகக் குறைந்த அளவிலேயே தெரியும், ஆனால் 100 பிபிஎம் அளவில் நுகரும் உணர்வே மரத்துவிடும். வாடை நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று பொருள் அல்ல. 500 பிபிஎம்முக்கு மேல் போனால் நினைவிழந்து விழுவதற்கு நெடுநேரம் ஆகாது. 1,000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சுகளே போதும்.

5. பர்மிட் எழுதுவதும் இறங்குவதும்

பர்மிட் ஒரு பணிநேரத்துக்கு மட்டுமே செல்லும். இடம், வேலை, இறங்குபவர் பெயர், மேலே காவல் நிற்பவர் பெயர், தொடங்கும் மற்றும் முடியும் நேரம், வாயு அளவுகளும் அளந்த நேரமும், அடைக்கப்பட்ட வால்வுகள், பூட்டப்பட்ட மின் இணைப்புகள், மீட்பு ஏற்பாடு ஆகிய அனைத்தும் குழியின் ஓரத்தில் நின்று நிரப்பப்பட வேண்டும். அலுவலக மேசையில் முன்கூட்டியே 20.9, 0, 0, 0 என்று எழுதி வந்த பர்மிட்டில் கையெழுத்திட மறுத்துவிடுங்கள். நேற்றைய பர்மிட்டில் தேதியை மட்டும் திருத்துவதும் இதே வகைதான்.

கவனமாகப் பார்க்க வேண்டியது மீட்பு ஏற்பாட்டுக் கட்டம். அதில் 'தீயணைப்பு நிலையம்' என்று எழுதி ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டுவிடுவது எங்கும் நடப்பதே. ஆக்சிஜன் கிடைக்காத மூளை நான்கைந்து நிமிடங்களில் சேதமடையத் தொடங்குகிறது. எந்த வண்டியும் அதற்குள் வந்து, ஆளை இறக்கி, மேலே தூக்கிவிட முடியாது. ஆகவே இறங்குபவர் முழு உடல் ஹார்னெஸ் அணிந்து, கயிறு குழியின் மேல் நிற்கும் முக்காலியின் வின்ச்சோடு இணைந்திருக்க வேண்டும். யாரும் உள்ளே இறங்காமலேயே அவரைத் தூக்கிவிட முடிய வேண்டும். முதல் முறை இறங்குவதற்கு முன் அதே முக்காலியில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வின்ச்சின் கைப்பிடி துருவேறிச் சிக்கியிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

மேலே காவல் நிற்பவருக்கு வேறெந்த வேலையும் கொடுக்கக்கூடாது. ஒருவரே இரண்டு குழிகளைப் பார்க்கவும் கூடாது. கீழே இருப்பவர் விழுந்துவிட்டால் அவர் செய்ய வேண்டியது வின்ச்சைச் சுழற்றுவதும் உதவிக்கு அழைப்பதும் மட்டுமே. அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்ற இறங்கியவர்களே என்று அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1986இல் அறிவித்தது. நண்பன் விழுந்ததைப் பார்த்தபின் சும்மா நிற்பது மனிதரால் ஆகாத காரியம் போலத் தோன்றும். அதனால்தான் இந்த வேலைக்கு யார் நிற்பது என்பதை முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். வடிகட்டி முகமூடி அணிந்து இறங்கலாம் என்று யாராவது சொன்னால், அது நச்சைத்தான் வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது என்று பதில் சொல்லுங்கள்.

காற்றூட்டும் விசிறியின் குழாய் அடிவரை செல்ல வேண்டும். அதன் உறிஞ்சும் வாய் ஜெனரேட்டர் புகைக்கு அருகில் இருந்தால் கார்பன் மோனாக்சைடை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள். எக்காரணத்துக்காகவும் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து காற்றூட்டாதீர்கள். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் உடுத்திய துணியே கொழுந்துவிட்டு எரியும். விசிறி வேலை முடியும்வரை ஓட வேண்டும், இறங்கியவரின் மார்பிலும் ஒரு டிடெக்டர் இருக்க வேண்டும். இதற்குக் காரணம் கசடு. இறங்கும்போது எல்லா எண்களும் சரியாக இருக்கும். அடியில் உறைந்து கிடக்கும் கசட்டில் காலையோ மண்வெட்டியையோ வைத்ததும் அதற்குள் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு ஒரேயடியாக வெளியேறும். அலாரம் அடித்தால் கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஏறிவிட வேண்டும். அந்த பர்மிட் அத்துடன் முடிந்தது. மறுபடி இறங்கப் புதியது எழுத வேண்டும்.

6. பம்பைத் தொடுவதற்கு முன் பூட்டு

கழிவுநீர் நிலையத்தில் பம்புகள் தாமாகவே ஓடத் தொடங்குபவை. மிதவை சுவிட்ச் உயர்ந்தாலோ, டைமர் நேரம் வந்தாலோ, கட்டுப்பாட்டு அறையில் யாரோ பொத்தானை அழுத்தினாலோ அவை ஓடும். தேர்வு சுவிட்சை 'ஆஃப்' நிலையில் வைப்பதும் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துவதும் இணைப்பைத் துண்டித்ததாக ஆகாது. மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை நிறுத்தி, அதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள். பிறகு இயக்கும் பொத்தானை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேக மாற்றி இருந்தால், அதன் மின்தேக்கிகளில் தேங்கியுள்ள மின்சாரம் வடிவதற்குக் கதவில் எழுதியுள்ள நிமிடங்கள்வரை காத்திருங்கள்.

மின்சாரத்தைப் பூட்டியவர்கள் தண்ணீரை மறந்துவிடுவார்கள். ஏற்றுக் குழாயில் நிற்கும் நீர் பின்னோக்கி வந்தால் பம்பின் உட்சக்கரமான இம்பெல்லர் தானாகச் சுழலும், பம்பைக் கழற்றியிருந்தால் குழி நிரம்பும். திரும்பாத வால்வை மட்டும் நம்பக்கூடாது. அதன் கதவில் ஒரு கந்தல் சிக்கினாலே போதும். வெளியேற்ற வால்வை மூடி அதையும் சங்கிலியால் பூட்ட வேண்டும்.

7. ரசாயன அறை

சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஃபெரிக் குளோரைடு, ஆலம், அமிலம் போன்றவையும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இந்த விபத்து பெரும்பாலும் டேங்கர் லாரி வந்து இறக்கும் நேரத்தில், தவறான தொட்டியின் வாயில் குழாயை மாட்டுவதால் நடக்கிறது. நிரப்பு வாய்கள் பூட்டப்பட்டிருக்க வேண்டும். டெலிவரி சீட்டில் உள்ள பெயரையும் தொட்டியில் எழுதியுள்ள பெயரையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சாவி வெளியே வர வேண்டும்.

குளோரின் சிலிண்டர் உள்ள நிலையமானால், அந்த வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, தாழ்வான இடத்தைத் தேடிப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். கசிந்தால் காற்று வரும் திசையை நோக்கி, மேடான இடத்துக்குப் போக வேண்டும். கசியும் இடத்தில் தண்ணீர் ஊற்றினால் அமிலம் உண்டாகி ஓட்டையைப் பெரிதாக்கும்.

கண் கழுவும் குழாய் பத்து விநாடிக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை திறந்துவிடப்பட வேண்டும், கண்ணில் பட்டால் 15 நிமிடம் நிற்காமல் கழுவ வேண்டும். கசடைத் திரட்டப் பயன்படும் பாலிமர் சிந்திய தரையில் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், வழுக்கல் இன்னும் கூடும். உறிஞ்சும் பொருளைத் தூவி அள்ளிய பிறகே கழுவ வேண்டும்.

8. தொட்டியின் ஓரம்

நீச்சல் தெரியும் என்ற தைரியம் காற்றேற்றத் தொட்டியில் உதவாது. குமிழிகள் நிறைந்த நீரின் அடர்த்தி குறைவு என்பதால் உடல் அதில் மிதப்பது கடினம். விழுந்தவரைக் காப்பாற்ற முதலில் ப்ளோயரை நிறுத்த வேண்டும். ஆகவே சேர்ந்த முதல் பணிநேரத்திலேயே அந்த நிறுத்தப் பொத்தானும் மிதவை வளையமும் எங்கே என்று நடந்து பார்த்துவிடுங்கள். கைப்பிடிக் கம்பி கழற்றப்பட்ட இடத்திலும், மூடித் தகடு எடுத்த இடத்திலும் இரவில் தனியாக மாதிரி எடுக்கப் போகாதீர்கள்.

9. நோயும் காயமும்: மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

வேலை உடையையும் வீட்டு உடையையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள், வேலை உடை நிலையத்திலேயே துவைக்கப்பட வேண்டும். சல்லடைக் குப்பையைக் கையால் அமுக்காதீர்கள், அதில் ஊசிகள் இருக்கும். குத்திவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு, எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், தொற்று ஏற்பட்டு இரண்டு நாளிலிருந்து முப்பது நாளுக்குள் சாதாரணக் காய்ச்சல்போல், தசை வலியோடு தொடங்கும். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றாமல் போகலாம். ஆகவே 'கழிவுநீரோடு வேலை செய்பவர்' என்று எழுதி, தடுப்பூசி விவரமும் இரத்த வகையும் குறித்த ஓர் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் என்று எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

சிறு காயமானாலும், டிடெக்டர் அலாரம் அடித்து யாருக்கும் எதுவும் ஆகாமல் ஏறி வந்திருந்தாலும், அதே பணிநேரத்தில் விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். நேரம், இடம், செய்த வேலை, கருவி காட்டிய உச்ச அளவு, உடனிருந்தவர்கள் ஆகியவை இருந்தால் போதும். யார் தவறு என்ற கருத்தை எழுத வேண்டியதில்லை. டிடெக்டரின் நினைவகத்தில் உள்ள பதிவு சில நாள்களில் மேலெழுதப்படலாம் என்பதால், அதை அன்றே கணினியில் இறக்கித் தரும்படி கேளுங்கள். பதிவு எண்ணையும் எழுதிய பக்கத்தின் கையெழுத்திட்ட நகலையும் உங்கள் தடுப்பூசி அட்டை இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். இழப்பீட்டுக் கோரிக்கைக்கு ஆண்டுகள் கழித்தும் அவை தேவைப்படும்.